எஸ்.டி.பி. தண்ணீரை ஆர்.ஓ. போட்டு வடிகட்டினால் குளிக்கலாமா, குடிக்கலாமா?

கேள்வி: புதுச்சேரி ரெட்டியார்பாளையம் பக்கம் 120 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. சொந்தமாக எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது. அதிலிருந்து வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. தோட்டத்துக்கு விட்டது போக மிச்சம் சாக்கடைக்குப் போகிறது. போர்வெல்லில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது, இப்போது டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 1,800 மி.கி. கோடையில் டேங்கர் வாங்குகிறோம். ஒரு நிறுவனம் வந்து, "யு.எஃப்., ஆர்.ஓ. எல்லாம் சேர்த்த அட்வான்ஸ்டு ஃபில்டர் போட்டுத் தருகிறோம், குளிக்கலாம், குடிக்கக்கூடச் செய்யலாம்" என்கிறது. நம்பிப் போடலாமா? எதுவரை தேவை?

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மணல், கரி, யு.எஃப். (நுண்ணிழைச் சவ்வு வடிகட்டி), குளோரின் வரை போங்கள். அதற்கு மேல் ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்து உப்பையும் பிரிக்கும் சவ்வு) வேண்டாம். குடிக்கும் பேச்சை இப்போதே கைவிட்டுவிடுங்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் மிதக்கும் தூசிதான் கண்ணுக்குத் தெரியும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். வயிற்றுப்போக்குக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா 1 முதல் 2 மைக்ரான். நோரோ போன்ற வைரஸ் 0.03 மைக்ரான் அளவு. கரைந்த உப்பு இன்னும் பல மடங்கு சிறியது. அதனால் டம்ளரில் தெளிவாக நிற்கும் தண்ணீரில் வைரஸ் இருக்கலாம், அம்மோனியா இருக்கலாம், யாரோ வீட்டில் சாப்பிட்ட மாத்திரையின் மிச்சம் இருக்கலாம். உப்பு கண்டிப்பாக இருக்கிறது. எந்த வடிகட்டி வேண்டும் என்று தீர்மானிக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: தண்ணீரில் என்ன இருக்கிறது, அந்தத் தண்ணீர் எங்கே போகப்போகிறது. கோடேஷனில் இந்த இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது; மெஷின் பெயரும் விலையும்தான் இருக்கும்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

மணல் வடிகட்டியை எல்லோரும் சல்லடை என்று நினைக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் மணலுக்கு நடுவில் இருக்கும் சந்து, பிடிக்கவேண்டிய துகளைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் பத்து இருபது மைக்ரான் துகளை அது பிடிக்கிறது. எப்படி? தண்ணீர் சந்துசந்தாக வளைந்து இறங்கும்போது துகள்கள் மணலின் மேல் மோதி ஒட்டிக்கொள்கின்றன. நம் காலுக்குக் கீழே இருக்கும் கடலூர் மணற்கல்லும் காலங்காலமாக மழைநீருக்கு இதைத்தான் செய்துவருகிறது. ஒட்டிய அழுக்கை உதிர்க்கத்தான் பேக்வாஷ். கீழிருந்து தண்ணீரை வேகமாக ஏற்றும்போது மணல் படுக்கை கால் பங்காவது மேலே விரிந்து புரளவேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் சிறியது, அல்லது ஆபரேட்டர் தம்பிக்கு நேரமில்லை, இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்திவிடுகிறார். ஒரு குடியிருப்பில் மூன்று வருஷம் ஓடிய மணல் டேங்கின் மேல்மூடியைத் திறந்து கையை விட்டேன். மணல் தட்டுப்படவில்லை. எலுமிச்சம்பழ அளவில் கறுத்த உருண்டைகள் கையில் வந்தன. பிட்டால் உள்ளே முட்டை அழுகிய நாற்றம். தண்ணீர் அந்த உருண்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடைத்த வழியில் போயிருக்கிறது. பிரஷர் மீட்டரில் எந்த வித்தியாசமும் காட்டாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள்.

அடுத்தது கரி. நம்மூரில் கிடைப்பது பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைக் கரிதான். காங்கேயம் வட்டாரத்தில் அதுவே பெரிய தொழில். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் உள்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவு வரும். நிறம், வாடை, கரிமப் பொருள்கள், மருந்து மிச்சம், குளோரின் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். உப்பைத் தொடாது. ஆனால் கரிக்கும் வயிறு நிறையும். நிறைந்தபின் சும்மா நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, அதைவிட மோசமான ஒன்று நடக்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கரி டவரை வருஷக்கணக்கில் மாற்றாமல் ஓட்டினார்கள். ஒருநாள் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தோம். வெளியே வந்ததுதான் அடர்ந்த மஞ்சளாக இருந்தது. கரியை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் புதுப் பொருள் தண்ணீரில் வந்ததும், முன்னே பிடித்து வைத்ததைக் கரி கைவிட்டுவிட்டது. மாதக்கணக்கில் சேர்ந்தது இரண்டு நாளில் வெளியே வந்தது. அன்றைக்கு லேபில் சி.ஓ.டி. (கரிம அழுக்கின் அளவு) பார்த்தபோது உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம். அதைப் பார்த்தபின் கரி மாற்றும் தேதி இல்லாத கோடேஷனை நான் மதிப்பதே இல்லை. உங்கள் ஏ.சி.எஃப்.பில் (கரி வடிகட்டியில்) கரி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று விசாரியுங்கள். "போட்டதிலிருந்து அதேதான்" என்று பதில் வந்தால் அது இப்போது இரண்டாவது மணல் டேங்க்தான்.

யு.எஃப். என்பது நுண்ணிழைச் சவ்வு. சேமியாவைக் கட்டுக்கட்டாகக் குழாய்க்குள் நிறுத்தி வைத்தது போல் இருக்கும். ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழல். அதன் சுவரில் இருக்கும் துளை 0.02 முதல் 0.05 மைக்ரான் அளவு. பாக்டீரியா அறவே போகாது, வைரஸிலும் மிகப் பெரும்பகுதி நின்றுவிடும். ஒன்றிரண்டு பார் அழுத்தம் போதும், மின்சாரச் செலவும் குறைவு. அரை மணிக்கு ஒருமுறை தானே பேக்வாஷ் செய்துகொள்ளும். அந்தத் தண்ணீரை எஸ்.டி.பி.யின் தொடக்கத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். கழிப்பறைக்கு விடும் தண்ணீருக்கு நான் கேட்கும் உச்சம் இதுதான். ஃப்ளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத துளி தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது முக்கியம்.

யு.எஃப்.பில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: இழை அறுந்திருக்கிறதா என்பது. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் வடிகட்டாத தண்ணீர் நேராக உள்ளே கலக்கும், தெளிவு மாறாததால் யாருக்கும் தெரியாது. சைக்கிள் பஞ்சர் கடையில் டியூபைக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்களே, அதே சோதனைதான் இதற்கும். காற்றழுத்தம் கொடுத்து, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இந்தச் சோதனையை யார், மாதம் எத்தனை முறை செய்வார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இப்போது ஆர்.ஓ. இந்தச் சவ்வுக்கு 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் வழி கண்டவர்கள் இருவர்: லோப் என்ற அமெரிக்கரும், சீனிவாச சவுரிராஜன் என்ற நம் நாட்டில் பிறந்தவரும். இன்று நாம் பயன்படுத்தும் பாலிஅமைடு சவ்வு பிறகு வந்தது. கோரைப்பாயைச் சுருட்டியது போல் சவ்வும் வலையும் மாறிமாறிச் சுற்றியிருக்கும். நான்கு அங்குலத் தடிமனும் நாற்பது அங்குல நீளமும் உள்ள ஒரு சுருளுக்குள் 80 சதுர அடிக்கு மேல் சவ்வு இருக்கிறது. உப்பில் நூற்றுக்கு 95க்கு மேல் நிறுத்திவிடும். வேறு எந்த வடிகட்டியும் செய்யாத வேலை அது. நான் ஆர்.ஓ.வுக்கு எதிரி இல்லை, என் சம்பளத்தில் பாதி அதை ஓட்டித்தான் வந்தது.

ஆனால் அது மிகவும் நோயாளியான மெஷின். கழிவுநீரில் மிச்சமிருக்கும் கரிமப் பொருளும் பாக்டீரியாவும் அதன் மேல் படிந்து வழவழப்பாக வளரும். கொல்லலாம் என்று குளோரின் விட்டால் பாலிஅமைடு சவ்வே சிதைந்துவிடும். அதனால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் வரும் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று எஸ்.டி.ஐ. என்று ஒரு சோதனை செய்வோம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 0.45 மைக்ரான் துளை உள்ள, 47 மி.மீ. அகல வெள்ளை வட்டத் தாளை ஒரு பிடிப்பானில் வைத்து, 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தண்ணீர் விடவேண்டும். முதல் 500 மி.லி. நிரம்ப எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ள வேண்டும். நிறுத்தாமல் ஓடவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி 500 மி.லி. பிடித்தால் எத்தனை விநாடி? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஒரு எண் வரும். மூன்றுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, ஐந்தைத் தாண்டினால் ஆர்.ஓ.வைத் தொடாதே. கணக்கைவிட எனக்கு அந்தத் தாள்தான் பேசும். வெளியே எடுக்கும்போது டீக்கறை போல் பழுப்பாக இருந்தால் இரும்பு அல்லது கரிமப் பொருள். விரலால் தேய்க்கும்போது வழுக்கினால் எஸ்.டி.பி.யில் பாக்டீரியா கலைந்து வருகிறது என்று அர்த்தம். தேதி எழுதி அந்தத் தாள்களை நோட்டில் ஒட்டி வைப்பேன். ஒரு மாதத்துத் தாள்களைப் புரட்டினால் ஏரேஷன் டேங்கில் (காற்றூட்டும் தொட்டியில்) என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். உங்களுக்குக் கோடேஷன் கொடுத்தவர் ஒருமுறையாவது உங்கள் எஸ்.டி.பி. தண்ணீரில் இந்தச் சோதனை செய்தாரா?

இன்னொன்று. ஆர்.ஓ. எல்லாவற்றையும் நிறுத்தும் என்பதும் சரியில்லை. மின்னூட்டம் இல்லாத குட்டி மூலக்கூறுகள் அதைத் தாண்டும். யூரியாவில் கணிசமான பங்கு போய்விடும், போரான் போகும், மெத்தனால் போன்ற கரைப்பான்கள் ஏறக்குறைய அப்படியே போகும். சிப்காட் மாதிரி இடத்தில் ஆர்.ஓ.வுக்கு முன்னால் கரைப்பான்களைத் தனியாகப் பிரித்தெடுக்க இவ்வளவு பாடுபடுவது அதனால்தான். உங்கள் குடியிருப்பில் கரைப்பான் இல்லை, யூரியா இருக்கிறது.

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

போர் தண்ணீர் டி.டி.எஸ். 1,800 என்றீர்கள். நாம் பயன்படுத்தும்போது சிறுநீர், சோப்பு, சமையல் எல்லாம் சேர்ந்து இன்னும் 300, 400 ஏறும். ஆக எஸ்.டி.பி.யிலிருந்து வருவது 2,200 என்று வைத்துக்கொள்வோம். தினம் 10,000 லிட்டரை ஆர்.ஓ.வுக்குள் விட்டால், அதில் இருக்கும் உப்பு 22 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் இருக்கிறதே, ஏறக்குறைய அந்த எடை, தினமும். நல்ல தண்ணீராக 7,500 லிட்டர் கிடைக்கும். மிச்சம் 2,500 லிட்டர் ரிஜெக்ட், அதாவது சவ்வு ஒதுக்கிய உப்பு நீர். அந்த 22 கிலோவில் 21 கிலோவுக்கு மேல் அந்த ரிஜெக்டில்தான் இருக்கும். லிட்டருக்கு எட்டரை கிராம், அதாவது கடல்நீரின் உப்பில் கால் பங்கு. கூடவே வடிகட்டி நிறுத்திய மருந்து மிச்சமும் நைட்ரேட்டும் நான்கு மடங்கு செறிவில் இருக்கும்.

வடிகட்டியால் அழுக்கு அழிவதில்லை. ஒரு பக்கம் எடுத்து மறு பக்கம் குவிக்கிறது, அவ்வளவுதான். குவித்ததை எங்கே வைப்பீர்கள்? தோட்டத்துக்கு விட்டால் மண் இறுகி வெள்ளை பூத்துவிடும். நிலத்தில் விடும் கழிவுநீருக்குக் கரைந்த உப்பின் வரம்பு லிட்டருக்கு 2,100 மி.கி.; இது அதற்கு நான்கு மடங்கு. மழைநீர் வடிகாலில் விட்டால் பெரிய வாய்க்காலோ வேறு வாய்க்காலோ, யாரோ ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். மழைநீரை நிலத்தில் இறக்கும் ரீசார்ஜ் குழியில் விட்டால் அதே உப்பைத்தான் நாளைக்கு உங்கள் போர் இறைக்கும். புதுச்சேரி குடிநீருக்கு நம்பியிருப்பது நிலத்தடி நீரை. கடலோரத்தில் ஏற்கெனவே கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. மேலிருந்தும் நாமே உப்பை இறக்கினால் அடுத்த தலைமுறைக்கு எந்த ஆழத்தில் போர் போட்டுக் கொடுப்பது? இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனசு பதைக்கிறது, ஏனென்றால் ரிஜெக்ட் பைப்பை இரவோடு இரவாக ரீசார்ஜ் குழிக்குத் திருப்பிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய ஆலைகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, திருப்பூரில் ஆர்.ஓ. ரிஜெக்டை ஆவியாக்கி உப்பாகவே பிரித்தெடுக்கிறார்கள். அதற்கு விறகும் நிலக்கரியும் மின்சாரமும் எவ்வளவு தின்னும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பிரித்த உப்பில் ஒரு பகுதி திரும்பச் சாயத்துக்குப் போகிறது, மிச்சம் மூட்டையில் அடுக்கிக் கிடக்கிறது. கடலூர் சிப்காட்டில் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியாகக் கடலுக்குள் விடும் பொது ஏற்பாடு இருக்கிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் தொடங்கிய ஆர்.ஓ. நிலையங்கள், சாக்கடை நீரைச் சுத்தம் செய்து மணலி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். அவ்வளவு குடிநீர் மக்களுக்கு மிச்சமாகிறது. ஆனால் அங்கே பொறியாளர்களும் லேபும் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறார்கள். 120 வீட்டுச் சங்கத்திடம் ஆவியாக்கும் பாய்லரும் இல்லை, கடலுக்குப் போகும் குழாயும் இல்லை.

குடிப்பதைப் பற்றி. உலகத்தில் செய்யவே இல்லையா என்றால் செய்கிறார்கள். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003இலிருந்து நுண்வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா ஒளி என்று மூன்று கட்டம் தாண்டிய நீரை எடுத்து, பெரும்பகுதியைத் தொழிற்சாலைக்கும், கொஞ்சத்தை நீர்த்தேக்கத்தில் கலந்து குடிநீராகவும் பயன்படுத்துகிறது. அங்கெல்லாம் ஒரு தடுப்பு தோற்றால் அடுத்தது பிடிக்கும்படி அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள், மீட்டர் சந்தேகப்பட்டாலே வால்வு தானாக மூடும். உங்கள் இடத்தில் இரவு பத்து மணிக்கு மேல் எஸ்.டி.பி. அறையில் யார் இருப்பார்கள்? ஒரு ஓ-ரிங் விலகினாலே போதும், வைரஸ் உள்ளே வந்துவிடும். குளிப்பதும் அப்படித்தான். குழந்தை குளிக்கும்போது வாயில் தண்ணீர் போகாமல் இருக்குமா?

மாத்திரை மிச்சம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதை வைத்துத்தான் பயமுறுத்துவார்கள். பயம் பொய்யில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் எஸ்.டி.பி.யின் பாக்டீரியாவுக்குக் கொஞ்சமும் மசியாது, வந்தபடியே வெளியே போகும். வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் பாதியளவு தப்பிக்கும். மருந்து தயாரிக்கும் இடத்தில் நிலைமை வேறே அளவு. ஹைதராபாத் அருகே படான்செருவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மி.கி. வரை இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். மருந்து சாப்பிட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் அது. அப்படிப்பட்ட நீரில் வாழும் பாக்டீரியா மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும், கடைசியில் அது நம் ஆஸ்பத்திரி வார்டுக்குத்தான் வரும். மருந்து ஆலைகள் உள்ள கடலூரில் இருப்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: வெளியே விடும் நீரில் சி.ஓ.டி., பி.ஓ.டி. (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கு) மட்டும்தான் பார்க்கிறீர்களா, நீங்கள் தயாரிக்கும் மருந்தையும் பார்க்கிறீர்களா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மருந்து மிச்சத்துக்காகவே சட்டம் போட்ட சுவிட்சர்லாந்து 2016இலிருந்து என்ன செய்கிறது? தேர்ந்தெடுத்த நிலையங்களில் 80 சதவீதம் நீக்கவேண்டும் என்று சொல்லி, ஓசோனையும் கரியையும்தான் பயன்படுத்துகிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் பெரிய நிலையங்களுக்கு அதே 80 சதவீதத்தைக் கொண்டுவந்தது. ஆர்.ஓ. அங்கே முதல் தேர்வு இல்லை, காரணம் ரிஜெக்ட். கரி பிடித்ததைக் கரியோடு சேர்த்து உலையில் எரித்துவிடலாம். பிடித்தது உண்மையிலேயே அழிகிறது. அதனால் மாத்திரைக்குப் பயந்தால் கரியை ஒழுங்காக மாற்றுங்கள், அது போதும்.

இப்போது உங்கள் 120 வீட்டுக் கணக்கு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 480 பேர். தலைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவில் 65,000 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் எஸ்.டி.பி.க்கு வந்தால் 52,000 லிட்டர். கழிப்பறைக்குத் தலைக்கு 45 லிட்டர் வீதம் 21,600 லிட்டர். தோட்டத்துக்குப் பத்தாயிரம். ஆக முப்பதாயிரத்துக்கு மேல் ஆர்.ஓ. இல்லாமலே செலவழிந்துவிடும். கழிப்பறைக்கு இப்போது போகும் போர் தண்ணீர் மிச்சமாகும்; அது தினமும் 12,000 லிட்டர் டேங்கர் ஏறக்குறைய இரண்டு. கோடையில் நீங்கள் வாங்கும் டேங்கர் இதிலேயே நின்றுவிடலாம். கழிப்பறைக்கு டி.டி.எஸ். 2,200 ஒரு பொருட்டே இல்லை. தோட்டத்துக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் உரம். அதைக் காசு கொடுத்து வடிகட்டுவானேன்? உப்புதான் அங்கே கவலை; 2,200 என்பது மேலே சொன்ன 2,100 வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதற்குத் தென்னை, வேம்பு, புங்கன் வையுங்கள், புல்தரையையும் ரோஜாவையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், உப்பை உண்டாக்கும் இடத்திலேயே குறைக்கலாம். பொதுவான சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் மெஷின்) இருக்கிறதா? அதற்கு மாதம் எத்தனை மூட்டை உப்பு வாங்குகிறீர்கள் என்று பில்லை எடுத்துப் பாருங்கள். அத்தனை மூட்டையும் எஸ்.டி.பி. வழியாகத் தோட்டத்துக்குத்தான் வருகிறது. சாஃப்ட்னர் கழுவும் தண்ணீரை எஸ்.டி.பி.யில் கலக்காமல் தனியாகப் பிரித்து, அனுமதி உள்ள இடத்தில் விடுவதும், கழிப்பறை லைனுக்கு சாஃப்ட்னர் தண்ணீர் போகாமல் நிறுத்துவதும் ஒரு பிளம்பர் இரண்டு நாளில் செய்யும் வேலை. குளிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்றால் மொட்டைமாடியைப் பாருங்கள். புதுச்சேரியில் ஆண்டுக்கு 1,200 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். 1,500 சதுர மீட்டர் மாடி என்றால் 18 லட்சம் லிட்டர். ஒரு பகுதியைச் சம்பில் பிடித்து, மிச்சத்தை ஜல்லி, மணல் வழியாகப் போர் பக்கத்தில் இறக்கினால் உப்பு நீர்த்துப்போகும். எந்தச் சவ்வும் இதைச் செய்யாது.

கடைசியாக, எதையும் வாங்குவதற்கு முன்னால் நாளைக் காலை செய்யவேண்டியது. ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் கலக்கலோடு பிடித்து, ஆடாமல் 30 நிமிஷம் வையுங்கள். ஸ்லட்ஜ் (பாக்டீரியாச் சேறு) 250 முதல் 400 மி.லி. அளவில் அடியில் பஞ்சு போல் படிந்து, மேலே தண்ணீர் பளிச்சென்று நின்றால் உங்கள் எஸ்.டி.பி. உயிரோடு இருக்கிறது. 50 மி.லி. கூடப் படியவில்லை, மேலே சாம்பல் கலங்கல் என்றால் எந்த அட்வான்ஸ்டு ஃபில்டரையும் அது மூன்று மாதத்தில் அடைத்துவிடும். முதலில் காற்றடிக்கும் ப்ளோயரையும் அதைக் குமிழியாக்கும் டிஃப்யூசரையும் சரிபாருங்கள். லேபில் பி.ஓ.டி., டி.எஸ்.எஸ். (மிதக்கும் துகள்), டி.டி.எஸ்., அம்மோனியா, ஈ.கோலை ஐந்தையும் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு பி.ஓ.டி. 10 மி.கி.க்குள், டி.எஸ்.எஸ். 20 மி.கி.க்குள் என்பது 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்கும் சொன்ன அளவு. நீங்களும் அதையே குறியாக வைத்துக்கொள்ளலாம். அம்மோனியாவை விட்டுவிடாதீர்கள். ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜன் எட்டு மி.கி. குளோரினைத் தின்றபிறகுதான் தனிக் குளோரின் மிஞ்சும். அம்மோனியா அதிகமாக இருக்கும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் கிருமி கொல்லும் பலம் குறைவுதான்.

கழிப்பறை லைனை நல்ல தண்ணீர் லைனோடு எந்த இடத்திலும், ஒரு வால்வு வழியாகக்கூட, இணைக்கவிடாதீர்கள். பைப்புக்கு வேறு நிறம் அடியுங்கள், மொட்டைமாடியில் டேங்க் தனியாக இருக்கட்டும், அந்த லைனில் பிள்ளைகள் கைக்கு எட்டும் குழாய் எதுவும் வேண்டாம். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பிளம்பர் வைத்த ஒரு இணைப்பால் ஒரு பிளாக் முழுவதும் வயிற்றுப்போக்கில் படுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஜாடிச் சோதனையின் அளவும் லேப் எண்கள் ஐந்தும் கையில் வந்ததும் எழுதுங்கள். எத்தனை சதுர மீட்டர் யு.எஃப். சவ்வு தேவை, இருக்கும் மணல் டேங்கையே வைத்து ஓட்டலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.